குமரப் பருவத்தில் போஷாக்கு: அளவீடும் அரசாங்கத் திட்டங்களும்

போஷாக்கைப் பற்றிப் பேசும்போது நம் எண்ணம் பெரும்பாலும் இரு சாராரிடமே செல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரு சாரார். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் மற்றொரு சாரார். இவர்கள் முதற்கண் கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்விரு நிலைகளுக்கும் இடையே 10 முதல் 19 வயது வரையுள்ள ஒரு பெருந்தொகையினர் இருக்கின்றனர். இவ்வயதைக் குமரப் பருவம் என்றும், இக்காலத்து அரசாங்க ஏடுகளில் வளரிளம் பருவம் என்றும் வழங்குவர். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இவ்வயதினர் 25 கோடிக்கும் மேற்பட்டவர். அதாவது, ஐவரில் ஒருவர்.

இவர்கள் நோயுற்று மருத்துவமனைக்கு வருவது குறைவு. இறப்புக் கணக்கிலும் இவர்கள் பங்கு சிறிது. ஓடியாடித் திரியும் சிறுவனையும், வீட்டு வேலையெல்லாம் செய்யும் சிறுமியையும் பார்த்து, இவர்களுக்குச் சத்துக் குறைவு உண்டென்று எவரும் எளிதில் எண்ணுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத குறையை அளவீட்டினாலன்றி அறிய முடியாது. அறியாத குறைக்குத் திட்டம் வகுக்கவும் முடியாது. குமரப் பருவத்தினரின் போஷாக்கு எவ்வாறு அளக்கப்படுகிறது, அவ்வளவீடு எவ்வாறு திட்டமாக உருப்பெறுகிறது, அளவீட்டில் நேரும் பிழை திட்டத்தை எவ்வாறு வழி தவறச் செய்யும் என்பவற்றைக் களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பருவத்தின் தேவை

பிறந்த முதலாண்டிற்குப் பிறகு மனித உடல் மிக விரைவாக வளரும் காலம் இதுவே. வளர்ந்தபின் ஒருவர் அடையும் உயரத்தில் 15 முதல் 20 விழுக்காடும், எடையில் ஏறத்தாழப் பாதியும் இக்காலத்திலேயே சேர்கின்றன. எலும்புகள் உறுதி பெறுவதும், தசைகள் பெருகுவதும், இரத்தத்தின் அளவு மிகுவதும் இப்போதுதான். ஆகவே உணவின் தேவையும் மிகுகிறது.

எடுத்துக்காட்டாக இரும்புச் சத்தைக் காண்போம். ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 10 முதல் 12 வயதுச் சிறுவனுக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 13 முதல் 15 வயதில் அது 22 ஆகவும், 16 முதல் 18 வயதில் 26 ஆகவும் உயர்கிறது. சிறுமியருக்கு அதே வயதுகளில் முறையே 28, 30, 32 மில்லிகிராம் வேண்டும். சிறுவரின் தேவை தசையும் இரத்தமும் பெருகுவதால் உயர்கிறது. சிறுமியரின் தேவை அதனோடு மாதவிடாயில் வெளியேறும் இரத்தத்தை ஈடு செய்யவும் வேண்டியிருப்பதால் மேலும் உயர்கிறது.

பெண்களைப் பொறுத்தவரை மற்றொரு செய்தியும் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 23.3 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். தன் வளர்ச்சியே முடியாத பெண் கருவுற்றால், அவள் உடலும் வயிற்றிலுள்ள சிசுவும் ஒரே உணவைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டியதாகிறது. எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆராய்ச்சி வளர்ந்த வழி

நம் நாட்டில் போஷாக்கு ஆராய்ச்சி நீலகிரியிலுள்ள குன்னூரில் தொடங்கிற்று. 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். பின்னர் அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை இளம் எலிகளுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய வடமேற்குப் பகுதி உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் கொண்ட உணவை உண்டவை பின்தங்கின. வளரும் உடலே உணவின் தரத்தை அளக்கும் கருவி என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய போஷாக்கு நிலையம் என்ற பெயர் பெற்றது. 1972-இல் அதன் கீழ் ஏற்பட்ட தேசிய போஷாக்குக் கண்காணிப்புப் பிரிவு, 2015 வரை பல மாநிலங்களில் உணவையும் உடல் வளர்ச்சியையும் ஆய்ந்து வந்தது.

எனினும் ஆண், பெண் இருபாலாரையும் உள்ளடக்கி, பிறப்பு முதல் 19 வயது வரை, இரத்தப் பரிசோதனையுடன் நாடு தழுவி நடந்த முதல் பேராய்வு 2016–18-இல் நடந்த விரிவான தேசியப் போஷாக்கு ஆய்வேயாகும். மத்திய சுகாதார அமைச்சகம் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தின் உதவியுடன் நடத்திய இவ்வாய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இளம் பருவத்தினரும் அளக்கப்பட்டனர். அதன் முடிவுகள் 2019-இல் வெளியாயின. குமரப் பருவத்தினரில் 24 விழுக்காட்டினர் மெலிந்தவர். 5 விழுக்காட்டினர் மிகை எடையுடையோர். 28 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இவ்வெண்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை அறிந்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும்.

மெலிவை அளத்தல்

ஒருவர் மெலிந்தவரா என்பதை அறிய, கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். வயது வந்தோருக்கு இது 18.5-க்குக் குறைந்தால் மெலிவு என்பது விதி. ஆனால் இவ்விதியைக் குமரப் பருவத்தினருக்குக் கையாளலாகாது. வளரும் வயதில் இவ்வெண் ஆண்டுதோறும் மாறுவதால், ஒவ்வொரு வயதுக்கும், ஆண் பெண் என்ற வேறுபாட்டுக்கும் தக்கவாறு தனி எல்லைகள் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணை அவற்றைத் தருகிறது.

ஒரு சிறுமியின் எடை 34 கிலோகிராம், உயரம் 1.48 மீட்டர் எனக் கொள்வோம். உயரத்தின் வர்க்கம் 2.19, குறியீட்டெண் 15.5. வயது வந்தோர் விதியைக் கையாண்டால் இவள் மெலிந்தவள். ஆனால் இவளுக்குச் சரியாக 13 வயதானால், அட்டவணைப்படி மெலிவின் எல்லை 14.9, ஆகவே இவள் மெலிந்தவள் அல்லள். 15 வயதானால் எல்லை 15.9, அப்போது இவள் மெலிந்தவளே. உடல் ஒன்றே, எடையும் உயரமும் ஒன்றே. வயதைப் பதிவதில் இரண்டாண்டு பிசகினால் முடிவே தலைகீழாகிறது. பிறப்புச் சான்றையோ பள்ளிப் பதிவேட்டையோ பாராமல் முகத்தைப் பார்த்து வயதை எழுதும் வழக்கம் எவ்வளவு கேடு செய்யும் என்பது இதனால் விளங்கும்.

மேற்கூறிய ஆய்வில் மெலிந்தவர் சிறுவரில் 29 விழுக்காடு, சிறுமியரில் 19 விழுக்காடு. சிறுமியரைவிடச் சிறுவரே மெலிந்தவர் என்ற இம்முடிவு பலருக்கு வியப்பாயிருக்கும். இதைப் பொருள்கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். சிறுவரின் வளர்ச்சி வேகம் சிறுமியரினும் பின்னரே உச்சம் அடைகிறது. சத்துக் குறைவால் பருவமடைதல் மேலும் தாமதமானால், ஒத்த வயது அட்டவணையோடு ஒப்பிடும்போது மெலிவு மிகுந்து காணும். ஆயினும் அத்தாமதமும் சத்துக் குறைவின் விளைவாக இருக்கக்கூடுமாதலால், இவ்வெண்ணைத் தள்ளிவிட முடியாது.

இரத்தத்தை அளத்தல்

இரத்தசோகையைக் காண ஹீமோகுளோபினை அளக்கிறோம். 5 முதல் 11 வயது வரை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. 15 வயது முதல் ஆண்களுக்கு எல்லை 13 கிராம். கருவுறாத பெண்களுக்கு 12 கிராம்.

ஈண்டு ஒரு சிக்கல் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை எனக் கண்டனர். 2016–18 ஆய்விலோ 10 முதல் 19 வயதுச் சிறுமியரில் 40 விழுக்காட்டினருக்கும், சிறுவரில் 18 விழுக்காட்டினருக்கும் மட்டுமே இரத்தசோகை. இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர், இடைப்பட்ட சில ஆண்டுகளில் நோய் பெருகிவிட்டது என்று முடிவு செய்யக்கூடும். அது சரியன்று. வயது வரம்பு வேறு. அதனினும் முக்கியமாக, அளந்த முறையும் வேறு.

குடும்ப நல ஆய்வில் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கைக்கருவியால் சோதித்தனர். மற்றதில் கையின் சிரையிலிருந்து இரத்தத்தை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் தானியங்கிக் கருவியால் அளந்தனர். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுக்களிலுள்ள நீர் இரத்தத்துடன் கலக்கிறது. ஹீமோகுளோபின் உள்ளதைவிடக் குறைந்து காட்டும். சிரை இரத்தத்தில் இக்கலப்பு இல்லை. ஆனால் அதனை எடுக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். குளிர்ச்சி கெடாமல் ஆய்வுக்கூடம் வரை கொண்டு செல்லும் ஏற்பாடும் வேண்டும். செலவு மிகுதியாயினும், கூடியவரை சிரை இரத்தத்தையே கையாள வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கிறது.

இது அறிஞர்களுக்குள் நடக்கும் வாதம் மட்டுமன்று. ஒரு சாராரில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இரத்தசோகை இருந்தால் அது கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை எனவும், 20 முதல் 40 விழுக்காட்டுக்குள் இருந்தால் நடுத்தரமானது எனவும், 5 முதல் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலேசானது எனவும் பாகுபாடு செய்துள்ளனர். பணமும் மருந்தும் ஒதுக்குவது இப்பாகுபாட்டைப் பொறுத்தது. துளி இரத்தத்தில் கலந்த நீர் இவ்வாறு வரவு செலவுத் திட்டம் வரை சென்று சேர்கிறது.

இரத்தசோகைக்கு இரும்புக் குறைவு ஒன்றே காரணம் அன்று என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. குமரப் பருவத்தினரில் 22 விழுக்காட்டினருக்கு இரும்புக் குறைவும், 37 விழுக்காட்டினருக்கு ஃபோலிக் அமிலக் குறைவும், 31 விழுக்காட்டினருக்கு வைட்டமின் பி12 குறைவும் இருந்தன. எனவே இரும்பு மாத்திரை இன்றியமையாதது. ஆனால் அதுவே முழு மருந்து ஆகாது. கீரை, பருப்பு, பால், முட்டை முதலியவை நிறைந்த உணவுக்கு மாற்று இல்லை.

உணவை அளத்தல்

மூன்றாவது அளவீடு உணவைப் பற்றியது. முந்திய 24 மணி நேரத்தில் உண்டவற்றைக் கேட்டு எழுதுவது ஒரு முறை. சமைக்கும் முன் பண்டங்களைத் தராசில் நிறுத்துக் கணக்கிடுவது மற்றொன்று. குடும்பம் முழுவதற்கும் நிறுத்துக் கண்ட அளவை, ஒவ்வொருவரின் வயதுக்கும் வேலைக்கும் ஏற்பக் குறித்த விகிதங்களால் பங்கிடுவது வழக்கம். இதில் ஒரு குறை உள்ளது. கணக்கு ஒரு சிறுமிக்கு அவளுடைய பங்கைக் கொடுத்துவிடுகிறது. வீடு கொடுத்ததா என்பதை அது அறியாது. பல குடும்பங்களில் ஆண்கள் உண்டபின் எஞ்சியதையே பெண்களும் சிறுமியரும் உண்கின்றனர். பால், முட்டை, இறைச்சி போன்றவை அவர்கள் தட்டை எட்டாதிருக்கலாம். ஆகவே குமரப் பருவத்தினரைப் பற்றி ஆராய்வோர், அவரவரைத் தனியே கேட்டு எழுதுதல் வேண்டும். தாய் அருகிலிருந்து மகளுக்காக விடை சொன்னால், பெறப்படுவது தாயின் எண்ணமேயன்றி மகளின் உணவு அன்று.

ஆராய்ச்சி திட்டமானது

ஆராய்ச்சி எவ்வாறு திட்டத்துக்கு வழிகாட்டுகிறது என்பதற்கு வடோதரா நகரில் நடந்த ஓர் ஆய்வைக் கூறலாம். 2000-ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வில், ஏழ்மையான குடியிருப்புகளில் வாழும் 10 முதல் 18 வயதுச் சிறுமியருக்கு மூன்று மாதம் நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் அளித்தனர். அவர்களுடைய ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம் உயர்ந்தது. அத்துடன் எடையும் சராசரி 0.83 கிலோகிராம் கூடியது. மாத்திரை பெறாத சிறுமியரின் எடையில் பெரிய மாறுதல் இல்லை. இளைய வயதினரிடம் பயன் மிகுந்திருந்தது. பசி எடுத்தல் மிகுந்ததும், அதனால் உணவு கூடியதும் இதற்குக் காரணமாகலாம்.

மத்திய அரசாங்கம் 2013-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கிய வாராந்திர இரும்பு–ஃபோலிக் அமிலத் திட்டத்தில் வாரத்திற்கு ஒரு மாத்திரை அளிக்கப்பட்டது. அதில் 100 மில்லிகிராம் இரும்பு இருந்தது. 2018-இல் தொடங்கிய ‘இரத்தசோகையற்ற பாரதம்’ இயக்கத்தில் அது 60 மில்லிகிராமாக மாற்றப்பட்டது. நீல நிறமுள்ள இம்மாத்திரையுடன், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் அளிக்கப்படுகிறது. நாள்தோறும் கொடுப்பதைவிட வாரம் ஒருமுறை கொடுத்தால் வயிற்றுத் தொல்லை குறைகிறது. பள்ளியில் ஆசிரியர் கண்முன்னே கொடுப்பதும் எளிதாகிறது.

உணவுத் திட்டங்களில் முதன்மையானது பள்ளி மதிய உணவு. மத்திய அரசாங்கத்தின் விதிப்படி, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பயில்வோருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் தரும் உணவு அளிக்கப்பட வேண்டும். பெண்களுக்கென 2010-இல் தொடங்கிய ‘சப்லா’ திட்டம், தேர்ந்தெடுத்த 200 மாவட்டங்களில் 11 முதல் 18 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் அளிக்க ஏற்பாடு செய்தது. பின்னர் அது பள்ளி செல்லாத 11 முதல் 14 வயதுப் பெண்களுக்கென மாற்றப்பட்டது. 2021-இல் வகுத்த ‘போஷண் 2.0’ திட்டத்தின் கீழ், முன்னேற விழையும் மாவட்டங்களிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் உள்ள 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கு உரியதாயிற்று.

திட்டங்களின் இடைவெளிகள்

அளவீட்டையும் திட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு இடைவெளிகள் தெரிகின்றன.

முதலாவது, 14 வயதில் ஏற்படுவது. எட்டாம் வகுப்போடு மத்திய அரசாங்க விதிப்படியான மதிய உணவு நின்றுவிடுகிறது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற சில மாநிலங்களே அதனைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டியுள்ளன. ஆனால் உடலின் தேவை எட்டாம் வகுப்போடு நிற்பதில்லை. சிறுவர் பலருக்கு வளர்ச்சி வேகம் உச்சம் அடைவதே அவ்வயதில்தான்.

இரண்டாவது, பள்ளியை விட்டு நீங்கிய சிறுவரைப் பற்றியது. வாராந்திர மாத்திரை, பள்ளியில் பயிலும் சிறுவர் சிறுமியருக்குப் பள்ளியிலும், பள்ளி செல்லாத சிறுமியருக்கு அங்கன்வாடியிலும் கிடைக்கிறது. செங்கற்சூளையிலும் தேநீர்க் கடையிலும் வேலை செய்யும் பதினைந்து வயதுச் சிறுவனுக்கு இவ்விரு வாயில்களும் இல்லை. இளம் பெண்ணை நாளைய தாய் என்று கருதியே பல திட்டங்கள் பிறந்தன. அந்நோக்கம் நன்றே. ஆயினும் சிறுவரில் 29 விழுக்காட்டினர் மெலிந்தவர் என்ற எண்ணைக் கண்ட பின்னர், அவர்களையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். தாயாகப் போகிறவள் என்பதற்காக மட்டுமன்றி, வளரும் உடல் என்ற காரணத்திற்காகவே ஒவ்வொருவருக்கும் உணவு உரியது.

களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1. வயதைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டு, நிறைந்த ஆண்டும் மாதமும் எழுதுக. ஏறத்தாழ என எழுதுவதைத் தவிர்க்க.

2. உயரம் அளக்கும்போது காலணியைக் கழற்றச் செய்து, குதிகால், பிட்டம், தோள்பட்டை ஆகியவை பலகையைத் தொடுமாறு நிறுத்துக. சிறுமியரின் கொண்டையையும் ரிப்பனையும் தளர்த்தி, தலை உச்சியில் அளவுகோல் படிந்த பின்னரே படிக்க. எடைக் கருவியைச் சமமான கெட்டித் தரையில் வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்பதைக் கண்ட பிறகே பயன்படுத்துக.

3. ஒருவரின் எடையை வகுப்பில் உரக்கப் படிக்கற்க. இப்பருவத்தில் நாணம் மிகுதி. கேலிக்கு ஆளான சிறுமி அடுத்த முறை அளவெடுக்க வரமாட்டாள்; அதனால் கணக்கும் கெடும்.

4. மாத்திரையை உணவுக்குப் பின், தண்ணீருடன், தங்கள் முன்னிலையில் விழுங்கச் செய்க. தேநீருடன் கொடுக்கலாகாது, அதிலுள்ள டானின் இரும்பைக் குடல் ஏற்காதபடி தடுக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்பை ஏற்க உதவும். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க. சிலருக்குக் குமட்டல் உண்டாகலாம். அது பெரும்பாலும் வெறும் வயிற்றில் உட்கொள்வதனால்.

5. பதிவேட்டில் வழங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கையை அன்றி, விழுங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கையை எழுதுக. இவ்விரண்டையும் ஒன்றாக எழுதினால், மருந்து பயனற்றது என்ற தவறான முடிவுக்கு ஆராய்ச்சியாளர் வரக்கூடும்.

6. வெளிறிய முகம், படியேறினால் மூச்சிரைப்பு, ஓயாத களைப்பு ஆகியவை உள்ளவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புக. வாராந்திர மாத்திரை தடுப்புக்கு உரியது. நோய் முற்றியவர்களுக்கு மருத்துவரின் சிகிச்சை வேண்டும்.

7. எட்டாம் வகுப்புக்குப் பின் பள்ளியை விட்டு நீங்குவோர் பட்டியலை ஆண்டுதோறும் ஆசிரியர் தயாரித்து, அங்கன்வாடிப் பணியாளருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் அளிக்க. அதில் சிறுவர் பெயரும் இடம் பெறட்டும். அவர்களுக்குத் தனித் திட்டம் இல்லாவிடினும், குடற்புழு நீக்கும் நாளில் 19 வயது வரையுள்ள யாவருக்கும் மாத்திரை உண்டு; அந்நாளில் அவர்களை அழைத்து வரலாம்.

நாடு தழுவிய ஆய்வின் ஒவ்வொரு விழுக்காடும் ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு பள்ளித் தாழ்வாரத்தில், ஒருவர் படித்து மற்றொருவர் எழுதிய எண்களின் தொகுதியே. அங்கே வயதும் உயரமும் செவ்வனே எழுதப்பட்டால், எந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் எது குறைவு என்பது தெரியும். தெரிந்தபின் அக்குறையை நீக்குமாறு கேட்கும் உரிமையும், நீக்கும் கடமையும் உண்டாகின்றன. அடுத்த முறை அளவுகோலைக் கையிலெடுக்கும்போது களப் பணியாளரும் ஆசிரியரும் இதனை நினைவில் கொள்வார்களாக.